கண் தோண்டாத நண்டுகள்

11

செத்த பறவைகளைப் புதைக்கக் குழி வெட்டும் வேலையை ஊர் வீரம்மாவிடம்தான் கொடுத்திருந்தது. கொன்றவன் என்று பிடிபட்டவன் அவளுடைய புருசன் சங்கிலி. ஆகவே குழியையும் அவளே வெட்ட வேண்டும் என்பது நெடுங்கழி ஊரின் நியாயம்.

"எத்தினை சாக்கு?" என்று கேட்டாள் அருந்ததி.

"நாலு சாக்குங்கம்மா. யாரும் கைவைக்கல. சுத்தி நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. ஒரு பொம்பள மட்டும், ஆழமா வெட்டுடி, நாய் தோண்டிரும்னு சொன்னா."

அருந்ததி கடலோரக் களப்பைப் பார்த்தாள். மழை விட்ட காலையில் சேற்றுவெளி மைல் கணக்கில் மினுங்கியது. ஒவ்வொரு மாரிக்கும் சைபீரியாவில் இருந்து இங்கே வந்து இறங்கும் உள்ளான் பறவைகள் ஆயிரக்கணக்கில் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. இந்த வெளியைச் சுற்றி அணை கட்டி றால் வளர்க்க ஒரு கொம்பனி நாலு வருடமாக நிற்கிறது. விடமாட்டோம் என்று பறவைக் காவல் சங்கம் நிற்கிறது. சங்கத்தின் காவலாளிதான் சங்கிலி. இடையிடையே ஒட்டுசுட்டான் வயல்களில் ஆனை விரட்டும் காவலுக்கும் போவான்.

போன புதன்கிழமை விடிய, சங்கத்தின் செயலாளர் பிரதாபன் சேற்றில் செத்துக் கிடந்த உள்ளான்களின் வீடியோவை ஊருக்கும் உலகத்துக்கும் அனுப்பினான். மத்தியானம் சங்கிலியின் கட்டிலுக்குக் கீழே நஞ்சு கலந்த அரிசிப் பை அகப்பட்டது. பின்னேரம், செத்த பறவைகளை மாலையாகக் கோத்துச் சங்கிலியின் கழுத்தில் போட்டுச் சந்தி வரைக்கும் அடித்து நடத்திப் போனார்கள். மூன்று விலா எலும்பு முறிந்த நிலையில் இப்போது அவன் விளக்கமறியல் சிறையில். வீரம்மாவுக்கும் கெடு வைத்தாயிற்று: வியாழக்கிழமைக்குள் ஊரை விட்டுப் போகாவிட்டால் கொட்டிலுக்கு நெருப்பு.

இன்று செவ்வாய்.

அருந்ததி பன்னிரண்டு வருடம் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் பொய் விபத்துகளைப் பிடித்தவள். இப்போது கிளிநொச்சியில் சொந்தமாகத் துப்பறிகிறாள்; வீரம்மா கேட்டுத்தான் இங்கே வந்திருந்தாள். அவளுடைய உதவியாளன், சாரதி, வாய் மூன்றும் ஒரே ஆள்தான். கிருசாந்தன். அவன் ஓட்டோவில் சாய்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் விரதகாரன். ஒரு நேரச் சாப்பாடு. கெதியா ஆளைப் பிடியுங்கோ. இல்லாட்டில் இஞ்சை இன்னொரு பிணம் விழும்."

"அந்த மீனை எடு."

கரைவலையில் இருந்து தவறிச் செத்துக் கிடந்த ஒரு மணலையை அவன் வாலில் பிடித்து நீட்டினான். அருந்ததி அதை வாங்கிச் சேற்றில் எறிந்தாள்.

"பாத்துக்கொண்டிரு."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சேறு முழுக்கக் கண் திறந்தது. சின்னச் சின்ன நண்டுகள் பொந்துகளில் இருந்து எட்டிப் பார்த்து, பக்கவாட்டில் ஓடி வந்து, மீனை மொய்த்தன. முதலில் கண்ணைத்தான் தோண்டின.

"என்ரை மனிசி சந்தையில மீன் வாங்கிற மாதிரி. அவாவும் முதல் கண்ணைத்தான் பாப்பா."

அருந்ததி வீரம்மாவிடம் திரும்பினாள். "நீங்கள் புதைச்ச பறவையளுக்குக் கண் இருந்ததோ?"

வீரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இருந்துச்சுங்கம்மா. எல்லாத்துக்கும். அன்னைக்கு விடிஞ்ச ஒடனே பிரதாபன் சார் பொறுக்கச் சொன்னாரு, சாக்குல போடப்போட என்னையவே பாத்துச்சு."

"தொட்டுத் தூக்கேக்கை சூடோ, குளிரோ?"

"ஜில்லுன்னு இருந்துச்சுங்க. ஐஸ் மீன் மாதிரி. விடியக்காலப் பனின்னு நெனச்சேன்."

"முல்லைத்தீவில பனி கொட்டினால் நான் ஓட்டோவை வித்துப்போட்டுச் சறுக்கு வண்டி வாங்குவன்" என்றான் கிருசாந்தன்.

இரவு முழுக்க இந்தச் சேற்றில் கிடந்த உடம்புக்குக் கண் மிஞ்சாது. அந்தப் பறவைகள் இங்கே சாகவில்லை. எங்கேயோ செத்து, ஐஸில் கிடந்து, விடியும் நேரம் இங்கே கொண்டுவந்து பரப்பப்பட்டிருக்கின்றன.

அருந்ததி தொலைநோக்கியை அவனிடம் கொடுத்தாள். "அந்தக் கூட்டத்தைப் பார். கால்களை மட்டும்."

"பொம்பிளைப் பிள்ளையளின்ரை காலைப் பார்த்து முந்தி அடி வாங்கினனான். இப்ப சம்பளத்துக்குப் பாக்கிறன்." கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு பார்த்தான். "அக்கா, மூண்டில ஒண்டுக்குக் காலில கொலுசு. மஞ்சள் வளையம்."

"பிரதாபன் போட்டது. மெல்லிய வலை கட்டிப் பிடிச்சு, வளையம் போட்டு விடுறவர். எங்கை போகுது, திரும்பி வருகுதோ எண்டு பாக்க. அதுக்கு அவரிட்டை அனுமதி இருக்கு." வீரம்மாவைப் பார்த்தாள். "செத்ததுகளில எத்தினைக்கு வளையம்?"

"ஒண்ணுக்கும் இல்லீங்க. நான் பாத்தேன். வளையம் போட்டது செத்துக் கெடந்தா, கழட்டி சார்கிட்ட குடுக்கணும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. நாலு சாக்குலயும் ஒண்ணு இல்ல."

கிருசாந்தன் தொலைநோக்கியைக் கீழே இறக்கினான்.

"அப்ப நஞ்சு வளையம் பாத்து ஆளை விட்டிருக்கு. சோதனைச்சாவடியில அடையாள அட்டை காட்டினவனை விட்ட மாதிரி."

"ஓம். இன்னுமொண்டு. உள்ளான் புழு தின்னிறது. அரிசியைப் போட்டால் மிதிச்சுக்கொண்டு போகும். அந்தப் பை பறவைக்கு வைச்ச பை இல்லை."

"பின்னை ஆருக்கு?"

"பொலிசுக்கு. ஓட்டோவை எடு."

பின்னால் வீரம்மா கேட்டாள்: "அம்மா, வியாழக்கிழமைக்கு முந்தி வந்துருவாரா?"

அருந்ததி பொய் விபத்துகளை மட்டுமே பிடிக்கப் பழகியவள். பொய் சொல்லப் பழகவில்லை.

"பாப்பம்" என்றாள்.

பிரதாபனின் வீட்டுக்குப் போகும் கிரவல் பாதையில் ஓட்டோ குதித்துக் குதித்துப் போனது. பின்சீட்டில் அருந்ததி கைபேசியில் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட விட்டாள். விடியல் வெளிச்சம். சேறு. ஒரு ஆணின் வலக்கை ஒரு சின்ன உள்ளானைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. பறவையின் செட்டைகள் துடிக்கின்றன. சொண்டு திறக்கிறது. திறந்தபடியே நின்றுவிடுகிறது. பிரதாபனின் குரல் உடைகிறது: "இண்டைக்குக் காலமை… எங்கடை கையிலேயே சாகுதுகள்…"

ரொறன்ரோவில் இருந்து லண்டன் வரைக்கும் சனம் அழுத வீடியோ.

"நானும் அழுதனான்" என்றான் கிருசாந்தன், பாதையைப் பார்த்தபடி. "மனிசி பாத்துப்போட்டு, என்ரை அப்பா செத்தண்டைக்கு நீ இப்பிடி அழேல்லையே எண்டா."

"வீடியோவில துடிக்குது. வீரம்மா தூக்கேக்கை ஐஸ்."

"ஒருக்காச் செத்தது ரெண்டாந்தரம் துடிக்காதே!"

"அதுதான். துடிக்கிறது முதல் சாவு. எப்ப எடுத்தது எண்டுதான் தெரிய வேணும்."

"கைபேசியில திகதி இருக்குமே."

"திகதியை மாத்தலாம்." அவள் வீடியோவை நிறுத்தி அந்தக் கையைப் பெரிதாக்கினாள். நீள விரல்கள். நகத்தில் சேறு. மெலிந்த, வெறும் மணிக்கட்டு. பிறகு முன்னால் ஹாண்டிலைப் பிடித்திருந்த கிருசாந்தனின் வலக்கையைப் பார்த்தாள். மஞ்சள் நிறம் மங்கிய நூல் காப்பு ஒன்று அதில் இறுகிக் கிடந்தது.

"இதை எப்ப கட்டினனீ?"

"போன புதனுக்கு முந்தின சனிக்கிழமை. பிள்ளையார் கதை விரதம் துவங்கின அண்டைக்கு. இருபத்தோரிழை நூல், இருபத்தொரு நாள். வன்னி முழுக்க அண்டைக்குத்தானே கட்டினது. ஆம்பிளையளுக்கு வலக்கை, பொம்பிளையளுக்கு இடக்கை. ஏன், உங்களுக்குத் தெரியாதோ?"

"இடையில கழட்டினனியோ?"

"கழட்டினால் மனிசி என்னையும் சேத்துக் கழட்டிப்போடுவா. குளிக்கேக்கையும் இருக்கும், படுக்கேக்கையும் இருக்கும். இருபத்தோராம் நாள்தான் அவிழ்க்கிறது." கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "ஏனக்கா, திடீரெண்டு பக்தி?"

"பிரதாபனும் விரதகாரனோ?"

"அவனோ! ஐயர் காய்ச்சலில படுத்தால் அவன்தான் கோயில்ல பிள்ளையார் கதை படிக்கிறவன்."

அருந்ததி கைபேசியை அணைத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

பிரதாபன் வாசலுக்கே வந்து வரவேற்றான். முப்பத்தைந்து வயது, மெல்லிய உடம்பு, கழுத்தில் தொலைநோக்கி. கிணற்றடியில் பெரிய மீன் ஐஸ்பெட்டி ஒன்று கழுவிக் கவிழ்த்திருந்தது. கிருசாந்தன் அதைச் சும்மா ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான்.

"என்ன அண்ணை, மச்சம் தின்னாத விரத வீட்டில மீன்பெட்டி?"

"மச்சானின்ரை. கழுவித் தாறன் எண்டு வாங்கினது."

அவனுடைய தாய் தங்கம்மா இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டாள். அவளின் இடக்கையிலும் காப்பு.

"தேத்தண்ணி குடியுங்கோ பிள்ளையள். நாங்கள் விரதம், குறை நினைக்காதேங்கோ."

"தம்பியும் விரதமோ அம்மா?"

"ஓம் பிள்ளை." தங்கம்மாவின் முகம் விரிந்தது. "பதின்மூண்டு வயசில துவங்கினவன். ஒரு வருசம் விட்டதில்லை. முகாமில இருக்கேக்கை நூல் இல்லை. என்ரை சீலைக் கரையில இழை உருவிக் கட்டினவன்."

"இடையில அறுந்து கிறுந்து போனால்?"

"சிவ சிவா! என்ன கதை இது?"

பிரதாபன் சிரித்தபடி வலக்கையை நீட்டிக் காட்டினான். "ஒரு இழையும் போகேல்லை அக்கா. விரதம் துவங்கின சனிக்கிழமை கட்டினது கட்டினபடி இருக்கு."

"சந்தோசம். அந்த வீடியோ எப்ப எடுத்தனீங்கள்?"

அவனுடைய சிரிப்பு போய்விட்டது. கண் கலங்கியது. அது நடிப்பில்லை என்பதை அருந்ததி கவனித்தாள்.

"புதன் விடியக்காலமை. முதல் வெளிச்சத்தில போனனான். நூற்றுக்கணக்கில கிடந்ததுகள். ஒண்டுக்கு மட்டும் உயிர் இருந்தது. தூக்கினன். கையிலேயே போட்டுது."

அருந்ததி கைபேசியை எடுத்து, நிறுத்திய படத்தை மேசையில் வைத்து, அவன் பக்கம் திருப்பினாள்.

"இது ஆற்றை கை?"

"என்ரை கைதான்…"

சொல்லும்போதே அவன் பார்த்துவிட்டான். படத்தில் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. மேசையில் கிடந்த கையில் மஞ்சள் நூல். இரண்டும் ஒரே கை. இடையில் ஒரு சனிக்கிழமை.

"அந்தச் சனிக்கு முந்தி எடுத்த வீடியோ, தம்பி. அந்தக் கிழமை முழுக்கச் சங்கிலி ஒட்டுசுட்டானில வயல் காத்தவர். ஆனைக்காவல். போன செவ்வாய் பின்னேரந்தான் திரும்பி வந்தவர். அதுக்குப் பத்து வயல்காரர் சாட்சி. பறவையள் சாகேக்கை அவர் இந்த ஊரிலேயே இல்லை."

முதலில் பேசியது தங்கம்மா.

"அவன்… அண்டைக்குக் கழட்டினவன் பிள்ளை. கையில புண். நான்தான் அவிழ்த்துச் சாமியறையில வைச்சனான். பிறகு திருப்பிக் கட்டினது."

சொல்லிக்கொண்டே காப்புக் கட்டிய தன் இடக்கையைச் சீலைத் தலைப்புக்குள் ஒளித்தாள்.

"ஓமோ தம்பி?" என்றாள் அருந்ததி. "அம்மா சொல்லுறது சரியோ?"

ஒரு 'ஓம்' போதும். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் வழக்கு உடைந்துபோகும் என்று அறையில் இருந்த நால்வருக்கும் தெரிந்தது. பிரதாபன் தாயின் ஒளித்த கையைப் பார்த்தான்.

"அம்மா, பேசாமல் இருங்கோ. காப்போடை பொய் சொல்லாதேங்கோ."

தங்கம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு தந்தவங்கள் கொம்பனிக்காரர்?" என்றான் கிருசாந்தன். இந்தத் தரம் அவன் குரலில் பகிடி இல்லை.

பிரதாபன் நிமிர்ந்தான். "கொம்பனியோ? அவங்களை நிப்பாட்டத்தானே செய்தனான்!"

கிருசாந்தன் திரும்பி அருந்ததியைப் பார்த்தான்.

"நாலு வருசம் கத்தினன். படம் காட்டினன், கணக்குக் காட்டினன், காலில விழுந்தன். ஒருத்தனும் திரும்பிப் பாக்கேல்லை. தை மாசம் புல்டோசர் வருகுது எண்டு கேள்விப்பட்டன். என்ன செய்யச் சொல்லுறியள்? ஒரு உள்ளான் கையில துடிச்சுச் செத்ததைக் காட்டினன். மூண்டாம் நாள் கொழும்பில இருந்து வந்து நிக்கிறாங்கள். வெள்ளிக்கிழமை அரசாங்க வர்த்தமானியில அறிவிப்பு வருது அக்கா. சரணாலயம். இனி ஒருத்தரும் இதில ஒரு மண்வெட்டி போடேலாது. நாலு சாக்குச் செத்தது. இனி எத்தினை ஆயிரம் தப்பும்?"

"வலை போட்டுப் பிடிச்சு ஒவ்வொண்டாச் சொண்டைத் திறந்து பூச்சிமருந்து ஊத்தினனீங்கள்."

"ஓம்." அவன் கைகளை மடியில் வைத்தான். "கெதியாப் போகட்டும் எண்டு கனக்க ஊத்தினன்."

"சங்கிலி வரும் வரைக்கும் ஐஸில வைச்சிருந்தனீங்கள்."

"செய்தவன் எண்டு ஒரு ஆள் வேணும். ஆள் இல்லாட்டில் ஏதோ வருத்தம் எண்டு எழுதிப்போட்டுப் போயிடுவாங்கள். கோவம் வராது."

"ஏன் சங்கிலி?"

"ஊர் ஆரை உடனை நம்பும், அக்கா? நீங்களே சொல்லுங்கோ." அவன் உண்மையாகவே கேட்டான். "அவையள் மலைநாட்டில இருந்து வந்த ஆக்கள். எங்கை போனாலும் பிழைச்சுக்கொள்ளுவினம். இந்தப் பறவையளுக்குப் போக வேறை இடமில்லை."

வெளியில் ஒரு கோழி கொக்கரித்து ஓய்ந்தது.

"வளையம் போட்டதுகளை மட்டும் ஏன் விட்டனீங்கள்?"

"அதுகள்…" முதல் தடவையாக அவன் குரல் தடுமாறியது. "அதுகளை எனக்குத் தெரியும்."

"சங்கிலியையும் நாலு வருசமாத் தெரியுந்தானே. வளையம் போடாமல் விட்டிட்டியள்."

அவன் தலை குனிந்தான். நிமிர்ந்தபோது கை கூப்பியிருந்தான். "அக்கா, வெள்ளி வரைக்கும் பொறுங்கோ. வர்த்தமானி வரட்டும். பின்னேரமே நான் பொலிசுக்குப் போறன். இந்தக் காப்பு மேல சத்தியம். மூண்டே மூண்டு நாள்."

பொய் சொல்லவில்லை என்பது அருந்ததிக்குத் தெரியும். இந்தக் காப்பின் மேல் அவன் பொய் சொல்லமாட்டான். யன்னலுக்கு வெளியே தூரத்தில் ஒரு கூட்டம் எழும்பி, வெள்ளியாகத் திரும்பி, மறுபடி சேற்றில் இறங்கியது. மூன்று நாள். அவள் அந்தக் கூட்டத்தைப் பார்த்தபடியே இருந்தாள்.

"கிருசாந்த், நீ என்ன சொல்லுறாய்?"

"என்னைக் கேக்காதேங்கோ அக்கா. நான் பசியில இருக்கிறன்."

"வெள்ளிக்கு முந்தி வியாழன் வருது, தம்பி" என்றாள் அருந்ததி பிரதாபனிடம். "வீரம்மாவின்ரை கொட்டிலைக் கொளுத்த நாள் வைச்சிருக்கினம். உங்கடை கதையைக் கேட்டுத்தான்."

அவள் பொலிசுக்கு அழைப்பு எடுத்தாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது தங்கம்மா நிலத்தில் இருந்தபடியே தன் காப்பை ஒவ்வொரு இழையாகப் பிய்க்கத் தொடங்கினாள். பிரதாபன் அதைத் தடுக்கப் போய், தொடாமல் நின்றான்.

வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் நெடுங்கழி இல்லை. சங்கத்துச் செயலாளரே நஞ்சு வைத்தான் என்று தெரிந்தபிறகு, கொழும்பில் இருந்து ஒருவரும் கைபேசியை எடுக்கவில்லை. சங்கம் கலைந்தது. சங்கிலியை விட்டார்கள். அடித்தவர்களில் ஒருவர்கூட அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை. "உவன் பிரதாபனிலை எங்களுக்கு அப்பவே சந்தேகம்" என்று மட்டும் சந்தியில் கதைத்தார்கள்.

அடுத்த மாரி துவங்கியபோது, பிரதாபனின் வழக்குக்குச் சாட்சி சொல்ல வரும்படி சங்கிலியைக் கூப்பிட அருந்ததியும் கிருசாந்தனும் மறுபடி நெடுங்கழிக்கு வந்தார்கள். சேற்றுவெளி இருந்த இடத்தில் சதுரம் சதுரமாகக் குளங்கள். அணைகள். கம்பிவேலி. படலையில், கொம்பனியின் பேர் அச்சடித்த நீலச் சேட்டோடு சங்கிலி நின்றான். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்க முடிந்தது. காலடியில் ஒரு தகரப் பெட்டி.

"வாங்கம்மா." கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டான். "இங்கதான் வேலை போட்டுக் குடுத்தாங்க. காவல்தாங்க. ஒட்டுசுட்டான்ல பழகுன வேலை."

"என்ன காவல்? இஞ்சையும் ஆனையோ?" என்றான் கிருசாந்தன்.

"ஆனை இல்லீங்க."

வடக்கில் இருந்து ஒரு கூட்டம் வந்தது. குளங்களுக்கு மேலே சுற்றியது. தாழ்ந்தது. மறுபடி சுற்றியது. சேற்றைத் தேடிக் கால்களை நீட்டின. சில கால்களில் மஞ்சளாக ஏதோ மினுங்கியது.

"எறங்கவிட்டா றால் குஞ்சைப் பொறுக்குதுன்னு சொல்றாங்க" என்றான் சங்கிலி. "இதுங்களுக்குத் தெரியல. போன வருசம் இங்கதான எறங்குச்சு. அதான் வெரட்ட வெரட்டத் திரும்ப வருது. பத்து நாளா இதே பாடு. தின்னாம, பறந்து பறந்தே தண்ணியில விழுந்துருதுங்க. காலையில வீரம்மா வந்து அள்ளிக்கிட்டுப் போயிப் பொதைக்கிறா."

சங்கிலி குனிய முடியாமல் குனிந்து, தகரப் பெட்டியில் இருந்து ஒரு ஆனைவெடியை எடுத்தான். திரியைப் பற்ற வைத்தான். எறிவதற்கு முன் அருந்ததியைப் பார்த்தான்.

"காதப் பொத்திக்கங்கம்மா."